மட்டாஞ்சேரி பரதேசிப் பள்ளி: வரலாறும் கட்டடக்கலையும்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெரு முடியும் இடத்தில், அரண்மனைக் கோயிலின் மதிலை ஒட்டி, வெள்ளையடித்த சுவரும் ஓட்டுக்கூரையுமாக நிற்கிறது பரதேசிப் பள்ளி. 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட இந்த யூதத் தொழுகைக்கூடம், காமன்வெல்த் நாடுகளில் இன்றும் பயன்பாட்டில் உள்ளவற்றுள் மிகப் பழையது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பெரிய வீட்டைப் போலத்தான் தெரியும். உயர்ந்து நிற்பது மணிக்கூண்டு மட்டுமே.

பெயரின் இரண்டு சொற்களும் தமிழருக்கு அறிமுகமானவை. மசூதி, தேவாலயம், யூதத் தொழுகைக்கூடம் மூன்றையும் கேரளத்தில் 'பள்ளி' என்றே சொல்கிறார்கள். சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் அங்கே இப்படி மூன்று சமயங்களுக்கும் பொதுவாகிவிட்டது. 'பரதேசி' என்பது தமிழ்ப் பேச்சு வழக்கில் இரந்து திரிபவரைக் குறிக்கும் வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. மலையாளத்தில் அது தன் பழைய பொருளையே வைத்திருக்கிறது: வேற்று நாட்டிலிருந்து வந்தவர். இந்தப் பள்ளியைக் கட்டியவர்கள் அப்படி வந்தவர்கள். கேரள யூதர்களின் வரலாறு அவர்களோடு தொடங்கவில்லை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அவர்கள் வந்தபோது வரவேற்க இங்கே ஏற்கெனவே யூதர்கள் இருந்தார்கள்.

அந்தப் பழைய குடியிருப்புக்கான உறுதியான சான்று, பரதேசிப் பள்ளியிலேயே பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்பவருக்கு அளித்த கொடை அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏட்டில் அவர் பெயர் 'ஈசுப்பு இரப்பான்' என்று வருகிறது. எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். மொழி, மலையாளம் தனியாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து மேலைக்கரைத் தமிழ். மன்னன் முயிரிக்கோட்டில் இருந்தபோது ஆணை பிறந்தது என்கிறது ஏடு. சங்கப் பாடல்களில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியே அது. கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே கிடைத்த கொடை என்பது சமூகத்தின் மரபு நம்பிக்கை. ஆட்சியாண்டையும் எழுத்தமைதியையும் கொண்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கும் காலம் கி.பி. 1000 அளவு. வரலாற்றுக்கு ஏற்றது பின்னதே.

கொடையின் உள்ளடக்கம் ஒரு வணிகத் தலைவனுக்கு அந்தக் காலத்தில் எட்டக்கூடிய உச்சம். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையோடு 72 உரிமைகள் ஈசுப்பு இரப்பானுக்கு வழங்கப்பட்டன. பகலில் விளக்கு ஏந்திச் செல்லலாம், நடக்கும் வழியில் துணி விரிக்கலாம், பல்லக்கில் ஏறலாம், குடை பிடிக்கலாம், பறையும் எக்காளமும் முழங்கலாம், தோரணம் கட்டலாம். ஊரார் அரசுக்குச் செலுத்தும் சில வரிகளிலிருந்தும் விலக்கு உண்டு. அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வழிவழியாக, உலகும் நிலவும் உள்ளவரை இது செல்லும். வேணாடு, வள்ளுவநாடு, ஏறாள நாடு, நெடும்புறையூர் நாடு ஆகியவற்றின் தலைவர்கள் சாட்சிகள். அஞ்சுவண்ணம் என்ற சொல் கேரளத்தோடு நிற்கவில்லை. கிழக்குக் கரையில் தொண்டியை அடுத்த தீத்தாண்டதானபுரத்தின் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் மற்ற வணிகக் குழுக்களோடு அது இடம்பெறுகிறது. மேற்கு ஆசியக் கடல்வணிகரைக் கொண்ட அந்தக் குழு இரு கரைகளிலும் இயங்கியது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் ஈசுப்பு இரப்பானின் செப்பேட்டைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா' மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார்.

முயிரிக்கோடாகிய கொடுங்கல்லூரின் சிறப்பு நிலைக்கவில்லை. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. வணிகர் நகர்ந்த வேகத்துக்கு ஒரு கல் சான்றாக இருக்கிறது. கொச்சியின் கொச்சங்காடியில் 1344இல் எழுந்த யூதப்பள்ளியின் எபிரேயக் கல்வெட்டு அது. அந்தப் பள்ளி மறைந்துவிட்டது. கல் மட்டும் பரதேசிப் பள்ளியின் சுவரில் பதிக்கப்பட்டு எஞ்சியிருக்கிறது. கொடுங்கல்லூரில் தங்கிவிட்டவர்கள் 1524இல் ஒரு பெரும் தாக்குதலில் வீடுகளையும் பள்ளிகளையும் இழந்தார்கள். அதன்பின் அங்கே போர்ச்சுகீசியரின் கெடுபிடியும் சேர்ந்துகொள்ள, எஞ்சியவர்கள் கொச்சி அரசனிடம் அடைக்கலம் தேடினார்கள்.

இதே காலத்தில்தான் பரதேசிகள் வந்து சேர்ந்தார்கள். 1492இல் ஸ்பெயின் தன் யூதக் குடிகளை வெளியேற்றியது. போர்ச்சுகல்லும் விரைவில் அவ்வழியே சென்றது. அங்கிருந்து சிதறியவர்களில் சிலர் துருக்கி, சிரியா, எகிப்து வழியாக மலபார் கரையை எட்டினர். அலெப்போ, பாக்தாத், ஏமன், ஜெர்மனி ஆகிய இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. கொச்சி அரசர் கேசவ ராமவர்மர் தம் அரண்மனையை அடுத்தே நிலம் கொடுத்தார். அந்த அரண்மனை, போர்ச்சுகீசியர் 1555 அளவில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தது. வளாகத்துக்குள் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதிக்குக் கோயில் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டியே யூதர்களின் பள்ளிக்கு இடம் தரப்பட்டது. குலதெய்வத்தின் மதிலோரத்தில் இடம் தருவதைவிடப் பெரிய அடைக்கலத்தை ஓர் அரசன் தந்திருக்க முடியாது. ஐரோப்பாவில் பல நகரங்கள் யூதர்களை ஊரின் கடைக்கோடியில் பூட்டி வைத்திருந்த நூற்றாண்டு அது.

அந்தப் பாதுகாப்புக்கும் ஒருமுறை ஊறு நேர்ந்தது. 1662இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பினர். அவர்களுக்கு யூதர்கள் உதவினார்கள் என்ற சினத்தில் போர்ச்சுகீசியர் யூதத் தெருவைச் சூறையாடிப் பள்ளிக்கும் தீ வைத்தார்கள். சமூகத்தின் பழைய ஏடுகளும் ஆவணங்களும் அதில் அழிந்தன. கேரள யூத வரலாற்றில் இன்று காணும் பெரிய இடைவெளிகளுக்கு அந்த ஒரு நெருப்பு முக்கியக் காரணம். 1663 ஜனவரியில் டச்சுக்காரர் மீண்டும் வந்து வென்றார்கள். பள்ளி உடனே பழுதுபார்க்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் யூதர்களோடு தொடர்பு ஏற்பட்டது. 1686இல் அங்கிருந்து மோசஸ் பெரைரா தெ பைவா தலைமையில் ஒரு குழு வந்து பார்த்துச் சென்றது. மறு ஆண்டே அவர் போர்ச்சுகீசிய மொழியில் வெளியிட்ட அறிக்கை, கொச்சி யூதர்களைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான முதன்மையான நேரடிச் சான்று. அச்சிட்ட எபிரேய நூல்களும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலேறி வந்தன.

யூதத் தொழுகைக்கூடத்துக்கென்று உலகப் பொதுவான வடிவம் கிடையாது. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் பலியும் கருவறை வழிபாடும் நின்றுபோயின. கூடிப் படிப்பதும் வேண்டுவதுமே வழிபாடாயிற்று. அதற்குத் தேவையானவை சில மட்டுமே: எருசலேமை நோக்கிய ஒரு சுவர், அந்தச் சுவரில் யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை, சுருளை விரித்துப் படிக்க ஒரு மேடை, கூடியிருக்க இடம். மற்றதெல்லாம் அந்தந்த ஊரின் கொத்தனும் தச்சனும் தீர்மானிப்பது. போலந்தில் மரப்பள்ளிகள் எழுந்ததற்கும் கேரளத்தில் ஓட்டுக்கூரைப் பள்ளிகள் எழுந்ததற்கும் காரணம் இதுவே.

கேரள யூதப்பள்ளிகள் தனிக் கட்டடங்களாக இல்லாமல் வளாகங்களாகவே அமைந்தன. தெருவிலிருந்து நேராகத் தொழுகைக்கூடத்துக்குள் நுழைய முடியாது. முதலில் வாயில்கட்டு, பிறகு திறந்த முற்றம், அதன்பின் 'அசரா' என்னும் முன்கூடம், அதற்கும் உள்ளே தொழுகைக்கூடம். படிப்புரை, முற்றம், முகமண்டபம் என்று கோயிலுக்குள் படிப்படியாகச் செல்லும் மலையாள நாட்டு முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் காணாமல் இருக்க முடியாது. எருசலேம் ஆலயத்திலும் முற்றத்துக்குள் முற்றமாக ஓர் ஒழுங்கு இருந்தது. இரண்டு மரபுகளும் இங்கே ஒன்றையொன்று உறுதிப்படுத்திக்கொண்டன என்று கொள்வது பொருந்தும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே செல்வது கொச்சி யூதர்களின் வழக்கம். பிற நாட்டு யூதப்பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இவ்வழக்கம் இல்லை.

கூடத்தின் மேற்குச் சுவரில் 'ஹேக்கல்' என்னும் பேழை இருக்கிறது. ஐரோப்பிய யூதர் கிழக்கு நோக்கித் தொழுவர்; கொச்சிக்கு எருசலேம் மேற்கே என்பதால் இங்கு திசை மாறுகிறது. தேக்கில் கொடியும் பூவுமாகச் செதுக்கிப் பொன்முலாம் பூசிய இந்தப் பேழை உள்ளூர்த் தச்சரின் கைவேலை. உருவம் தீட்டுவதை யூத மரபு விலக்குவதால் செதுக்கு முழுவதும் செடிகொடியாகவே நின்றுவிட்டது. பட்டுத் திரைக்குப் பின்னால் தோரா சுருள்கள் தம் உறைகளில் நிற்கின்றன. அவற்றின்மேல் சூட்டும் முடிகளில், திருவிதாங்கூர் அரசர் 1805இல் அளித்த மணி பதித்த பொன்முடியும் ஒன்று. வேற்றுச் சமயத்து அரசர் வேதச்சுருளுக்கு முடி செய்து அனுப்பியதை அன்றைக்கு யாரும் வியப்பாகக் கருதியிருக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் போற்றத்தக்கது.

கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பிகள் வளைத்து நிற்கும் மேடை 'தேபா'. ஆண்கள் சுவரோரப் பலகைகளில் அமர்ந்து நடுவில் நிற்பவரை நோக்குகிறார்கள். எல்லோருக்கும் மேடை ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கிறது. இந்த அமைப்பை ஸ்பெயின் மரபுப் பள்ளிகளிலும் காணலாம். கேரளத்துக்கே உரியது இரண்டாவது தேபா. பேழைக்கு எதிரே, தூண்கள் தாங்கும் மேல்மாடத்தில் அது அமைந்திருக்கிறது. யூதரின் வாராந்திர ஓய்வுநாளிலும் திருநாட்களிலும் தோரா வாசிப்பு இந்த மேல் தேபாவிலிருந்தே நடக்கும். அதற்கு நேர் பின்னால், மரப்பின்னல் தடுப்புக்கு அப்பால், பெண்களின் இடம். தனிப் படிக்கட்டில் ஏறி வந்து அமரும் பெண்களுக்கு வாசிப்பவர் சில அடி தூரத்தில் நிற்கிறார். கீழே இருக்கும் ஆண்களோ அண்ணாந்து கேட்கிறார்கள். பல நாட்டுப் பள்ளிகளில் பெண்கள் வாசிப்பிலிருந்து மிகத் தொலைவான மூலைக்குத் தள்ளப்பட்டிருக்க, கேரளத்தில் வேதத்தின் குரல் அவர்கள் பக்கத்திலேயே எழுந்தது. இக்கூடத்தின் கட்டடக்கலையில் மிக அழகான எண்ணம் இதுவே. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் அறிந்தவர்களாகவும், விவிலியக் கதைகளையும் திருமண நிகழ்வுகளையும் மலையாளப் பாட்டாக்கிக் கையெழுத்துப் புத்தகங்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களாகவும் விளங்கியதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்று பள்ளிக்குப் பெரும் புகழ் தருவது அதன் தரை. அதற்கும் மணிக்கூண்டுக்கும் காரணமானவர் எசக்கியேல் ரஹபி. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த தாவீது ரஹபியின் மகனான அவர் 1694 முதல் 1771 வரை வாழ்ந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு மிளகு வணிகத்தை நடத்தினார். திருவிதாங்கூருக்கும் கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கும் தூது சென்றார். 1760இல் அவர் எழுப்பிய மணிக்கூண்டு 45 அடி உயரம். அதன் முகப்புகளில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று வெவ்வேறு எண்கள் உள்ளன. தொழுபவர், வணிகர், ஊரார் மூவருக்கும் அவரவர் எழுத்தில் மணி காட்டிய கடிகாரம் அது. நெடுங்காலம் நின்றுபோயிருந்த கூண்டை 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியம் சீரமைத்தது.

1762இல் ரஹபி சீனத்தின் காண்டன் நகரிலிருந்து வரவழைத்த பீங்கான் ஓடுகள் சுமார் 1,100. வெள்ளைப் பரப்பில் நீலத்தால் கையால் தீட்டியவை. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று பார்வையாளர்களிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. உற்றுப் பார்த்தால் சில அடிப்படை வடிவங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆனால் ஒவ்வொன்றையும் கை தீட்டியிருப்பதால் கிளையின் வளைவும் பூவின் அழுத்தமும் ஓட்டுக்கு ஓடு மாறுகின்றன. இந்தக் கையின் வேறுபாடுதான் உண்மையான அதிசயம். ஓடுகளை அரசர் அரண்மனைக்கென வாங்கியதாகவும், அவற்றைச் செய்யப் பசுவின் இரத்தம் சேர்ப்பதாக யூதர்கள் சொன்னதும் அவர் விலக்கிவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது; வரலாறாக ஏற்கத் தகுந்ததன்று. சீனக் கப்பல்களோடு தொடர்புள்ள கம்பெனி வணிகருக்கு ஓடு பெற இத்தகைய தந்திரம் தேவைப்பட்டிருக்காது. இத்தரைக்கு மேலே பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகளும், தேங்காயெண்ணெய் ஊற்றி ஏற்றும் கண்ணாடி விளக்குகளும் நெருக்கமாகத் தொங்குகின்றன. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி அளித்த கம்பளம் ஒன்றும் உண்டு.

ஆண்டு முழுவதும் பகுதி பகுதியாகப் படித்த தோராவை முடித்து மீண்டும் தொடங்கும் நாள் 'சிம்ஹாத் தோரா'. அன்று சுருள்களைப் பேழையிலிருந்து எடுத்து, அழகுபடுத்திய தற்காலிகப் பேழையில் எல்லோரும் காண வைப்பார்கள். பிற்பகலில் அவற்றைக் கையில் ஏந்திப் பாடிக்கொண்டு பள்ளியை வெளிப்புறமாக வலம் வருவார்கள். உட்புறம் சுற்றுவது எல்லா நாட்டு யூதர்க்கும் உரியது. வெளியே வலம் வருவது கொச்சிக்கே உரியது. மதிலுக்கு அப்பால் உற்சவமூர்த்தி எழுந்தருளும் ஊரில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

அண்டை அயலிலிருந்து பெற்றதில் கசப்பான ஒன்றும் உண்டு: சாதி. பரதேசிகள் தம்மை 'வெள்ளை யூதர்' என்றும், நெடுங்காலமாக இங்கிருந்த மலபார் யூதரைக் 'கறுப்பு யூதர்' என்றும் பிரித்தார்கள். கொள்வினை கொடுப்பினை கிடையாது. இந்தப் பிளவு பற்றிய வழக்கு பதினாறாம் நூற்றாண்டிலேயே எகிப்தின் அறிஞர் தாவீது இபின் சிம்ராவிடம் சென்றது. பிரித்தவர்கள் தவறு செய்கிறார்கள் என்பதே அவர் தீர்ப்பு. யாரும் கேட்கவில்லை. பரதேசிகளுக்குள்ளேயே இன்னும் ஒரு படி இருந்தது. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர் வழிவந்தோரும் 'மெஷுஹ்ராரிம்' எனப்பட்டனர். இவர்கள் இதே பள்ளியில் தொழுதார்கள். ஆனால் பலகையில் அமர முடியாது. அசராவின் தரையே அவர்கள் இடம். தோரா வாசிக்க அழைப்பும் கிடையாது. முற்றத்தையும் முன்கூடத்தையும் கொண்டு அழகாக அமைந்த அந்தப் படிநிலைக் கட்டடமே மனிதரைப் படிவைத்துப் பிரிக்கவும் கருவியாயிற்று. ஜோசப் ரப்பானின் செப்பேட்டைத் தம் பெருமையாகப் போற்றிய பள்ளியில், அவரைத் தம் முன்னோராகக் கருதிய மலபார் யூதர்க்குச் சம உரிமை இல்லை.

இதை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர், வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரசில் கலந்துகொண்டவர். 'யூத காந்தி' என்று அழைக்கப்பட்டவர். காந்தியின் வழியையே அவர் பள்ளிக்குள் கொண்டுவந்தார். உள்ளே மறுக்கப்பட்ட இடத்தைக் கேட்டுச் சத்தியாகிரகம் இருந்தார். உண்ணாவிரதம் இருப்பேன் என்றார். கொச்சிக்கு அருகிலேயே வைக்கத்தில் கோயில் தெருக்களுக்காக 1924இல் போராட்டம் நடந்து, ஈரோட்டிலிருந்து பெரியாரும் சென்று சிறைப்பட்ட காலம் அது. இரண்டு போராட்டங்களின் கேள்வியும் ஒன்றே: கடவுள் முன்னே யார் எங்கே நிற்பது? சேலத்தின் போராட்டம் ஒரே நாளில் வெல்லவில்லை. பலகை, வாசிப்பு என்று ஒவ்வொன்றாகவே தடைகள் தளர்ந்தன. அவர் 1967இல் மறைந்தார். பள்ளிக்குச் செல்லும் யூதத் தெரு பின்னர் அவர் பெயரைப் பெற்றது.

1968 டிசம்பரில் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல்துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது. விழாக்கூட்டம் பெரிது; சமூகம் அதற்குள் சுருங்கிவிட்டிருந்தது. 1948இல் இஸ்ரேல் உருவானபின், 1950களில் மலபார் யூதர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். துன்புறுத்தல் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை. எருசலேமுக்குத் திரும்புவோம் என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்ன வேண்டுதலே அவர்களை அழைத்தது. பலர் நெகேவ் பாலைநிலத்தில் நெவாத்திம் போன்ற குடியிருப்புகளில் உழவரானார்கள். பரதேசிகள் சற்றுத் தாமதித்து, பின்னர் அவர்களும் போனார்கள்.

ஆள் இல்லாத பள்ளிகளின் கதி பலவாறாயிற்று. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடமைந்த உட்புறம் கழற்றி எடுக்கப்பட்டு எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய வெற்றுக் கட்டடம் 2019இல் மழைக்கு இடிந்து விழுந்தது. சேந்தமங்கலத்திலும் வடக்குப் பறவூரிலும் உள்ள பள்ளிகளைக் கேரள அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகங்களாக்கியது. சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல்லும் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகத் தொன்மையான எபிரேயக் கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. ஈசுப்பு இரப்பானின் செப்பேட்டுப் படியை 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

பரதேசிப் பள்ளியோ அருங்காட்சியகமாக மாறவில்லை. பொதுத் தொழுகைக்கும் தோரா வாசிப்புக்கும் வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத விதி. மட்டாஞ்சேரியில் அத்தனை பேர் இப்போது இல்லை. ஓய்வுநாளில் பார்வையாளருக்குக் கதவு மூடப்படுகிறது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்திருக்கும் யூதர்களைச் சேர்த்து எண்ணிக்கை நிறைந்தால், பேழை திறக்கப்பட்டு, சீன ஓடுகளின்மேல் வெறுங்காலோடு நின்றிருப்பவர்கள் நடுவே தோரா சுருள் வெளியே எடுத்து வரப்படுகிறது.